பணியிடத்தின் டிஜிட்டல் பண்பாட்டைக் குழுவாரியாக அளப்பது எப்படி?

"நம் நிறுவனத்தில் டிஜிட்டல் பண்பாடு எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்" என்று ஒரு பொறுப்பு உங்களிடம் வந்தால், முதலில் கை போவது கூகுள் படிவத்துக்குத்தான். இருபது கேள்வி எழுதி, எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, வந்த பதில்களைக் கூட்டி வகுத்து, "5-க்கு 3.6" என்று ஓர் அறிக்கை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அறிக்கையைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அந்த நிறுவனத்தின் கிடங்கில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு அலுவலக மின்னஞ்சலே கிடையாது. யாருடைய நிலையை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததோ, அவர்களிடம் கேள்வியே போய்ச் சேரவில்லை. நான் கொடுத்த 3.6, நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களின் எண் மட்டுமே.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு நிறுவனத்துக்குள் ஒரே ஒரு டிஜிட்டல் பண்பாடு இருப்பதில்லை. கணக்குப் பிரிவில் ஒன்று இருக்கும், களப்பணியாளர்களிடம் ஒன்று இருக்கும், மேலாளர்களின் கூட்ட அறையில் இன்னொன்று இருக்கும். நாம் அளக்க வேண்டியது முக்கியமாக இவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை.

முதலில்: எதை அளக்கப் போகிறோம்?

எத்தனை மென்பொருள் வாங்கியிருக்கிறோம், எத்தனை பேருக்கு மடிக்கணினி கொடுத்திருக்கிறோம் என்பது சொத்துக் கணக்கு. பண்பாடு என்பது, அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு மனிதர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள், எதைச் செய்யத் தயங்குகிறார்கள் என்பது.

நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் அதை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்லப்படுவது, யாரும் சொல்லாமலே எல்லோரும் உண்மை என்று எடுத்துக்கொண்டிருப்பது. நம் விஷயத்தில் இப்படிப் பார்க்கலாம். புதிய செயலி எல்லோர் போனிலும் இருக்கிறது. இது முதல் அடுக்கு. "தரவை வைத்தே முடிவெடுக்கிறோம்" என்று சுவரில் எழுதியிருக்கிறது, இது இரண்டாவது. "கணினியில் தப்பாகப் பதிந்தால் மாட்டிக்கொள்வோம், முதலில் நோட்டில் எழுதிக்கொள்" என்று புதிதாகச் சேர்ந்தவரிடம் மூத்தவர் காதோடு சொல்கிறார், இது மூன்றாவது. கேள்வித்தாள் இரண்டாவது அடுக்கைச் சுலபமாகப் பிடிக்கும். முதலாவதை நேரில் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது, உட்கார்ந்து பேசினால்தான் கிடைக்கும். ஆகவே வெறும் கேள்வித்தாளோடு நிறுத்திக்கொள்ளும் திட்டம் எதற்கும் தொடக்கத்திலேயே சம்மதிக்காதீர்கள்.

அளக்க வேண்டிய கூறுகளை ஆறுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. நான் எடுத்துக்கொள்பவை இவை:

- அணுகல்: வேலைக்குத் தேவையான கருவி, இணைப்பு, கடவுச்சொல் ஆகியவை தேவைப்படும் நேரத்தில் கிடைக்கின்றனவா?
- பயனும் எளிமையும்: கருவி வேலைக்கு உதவுகிறதா, கையாள எளிதாக இருக்கிறதா?
- பகிர்வு: தகவல் பொதுவான இடத்தில் இருக்கிறதா, ஒருவருடைய கணினியில் முடங்கிக் கிடக்கிறதா?
- முடிவெடுத்தல்: தரவு ஒன்று சொல்லி, மேலதிகாரி வேறொன்று சொன்னால் எது நடக்கிறது?
- கேட்கும் துணிச்சல்: "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்ல முடிகிறதா?
- எல்லை: வேலை நேரம் முடிந்த பிறகும் செய்திக்குப் பதில் போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறதா?

இரண்டாவது கூறில் பயனையும் எளிமையையும் ஒரே கேள்வியில் சேர்த்துவிட வேண்டாம். 1989-இல் ஃப்ரெட் டேவிஸ், தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதை விளக்கும்போது இவ்விரண்டையும் தனித்தனியாகவே அளந்தார். எளிமையாக இருந்தும் பயனில்லாத செயலியும் உண்டு, கடினமாக இருந்தும் விடமுடியாத செயலியும் உண்டு. ஐந்தாவது கூறு ஏமி எட்மண்ட்சன் 1999-இல் குழுக்களில் ஆராய்ந்து எழுதிய உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தைச் சார்ந்தது: தெரியவில்லை என்றோ தவறு செய்தேன் என்றோ சொன்னால் குழுவில் யாரும் நம்மை இழிவாகப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அது. என் அனுபவத்தில் குழுக்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் இந்தக் கூறில்தான். கடைசிக் கூறைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்திலேயே கொண்டுவந்திருக்கிறது. பண்பாட்டை அளக்கும்போது அதன் சுமையையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

படி 1: இந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள்

பயிற்சிக்கான நேரத்தை எந்தக் குழுவுக்கு ஒதுக்குவது? புதிய மென்பொருளை எந்தப் பிரிவில் முதலில் அறிமுகப்படுத்துவது? இப்படி ஏதாவது ஒரு முடிவு எதிரில் இருக்க வேண்டும். "சும்மா தெரிந்துகொள்ளத்தான்" என்று பதில் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். முடிவோடு இணையாத சர்வே ஊழியர்களின் நேரத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை, அடுத்த முறை அவர்கள் பதில் சொல்வதும் இல்லை.

மேலாளர்களின் ஊக்கத்தொகையை இந்த மதிப்பெண்ணோடு கட்டப்போகிறோம் என்றால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த நாள் முதல், பண்பாட்டை விட்டுவிட்டு மதிப்பெண்ணை உயர்த்தும் வேலைதான் நடக்கும்.

படி 2: குழுக்களைப் பிரியுங்கள்

வயதை வைத்துப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். "இளைஞர்கள் டிஜிட்டலில் தேறியவர்கள், மூத்தவர்கள் பின்தங்கியவர்கள்" என்ற எண்ணம் அவ்வளவு பரவலாக இருக்கிறது. நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது வேலையின் தன்மை: மேசை வேலையா, இயந்திரத்தின் அருகிலா, வெளியே அலைகிற வேலையா, வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற வேலையா? அடுத்தது ஷிப்ட். இரவு ஷிப்டில் கணினி நின்றுபோனால் உதவிக்கு ஆள் இருக்கிறாரா என்பது ஒருவருடைய மனப்பான்மையையே மாற்றிவிடும். அப்புறம் பொறுப்பு நிலை, நிரந்தரமா ஒப்பந்தமா, வீட்டிலிருந்தா நேரிலா, பணியில் சேர்ந்து எத்தனை காலம், வேலையில் பழகும் மொழி.

வயது ஏன் ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். இளையவர்கள் 100 பேர். அவர்களில் 80 பேர் அலுவலகத்தில், சராசரி 4.0. மீதி 20 பேர் உற்பத்திக் கூடத்தில், சராசரி 3.0. மொத்தச் சராசரி 3.8. மூத்தவர்களும் 100 பேர். 20 பேர் அலுவலகத்தில், சராசரி 4.2. 80 பேர் உற்பத்திக் கூடத்தில், சராசரி 3.1. மொத்தச் சராசரி 3.32. மொத்தமாகப் பார்த்தால் இளையவர்கள் வெகுவாக முன்னே நிற்கிறார்கள். ஆனால் அலுவலகத்திலும் மூத்தவர்களின் சராசரிதான் அதிகம், உற்பத்திக் கூடத்திலும் மூத்தவர்களின் சராசரிதான் அதிகம்! யார் எந்த இடத்தில் வேலை செய்கிறார்கள் என்பது, வயது வித்தியாசம் போல வேடம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 1951-இல் இதைப் பற்றி எழுதிய எட்வர்ட் சிம்ப்சனின் பெயரால் இதைச் சிம்ப்சன் முரண் என்கிறார்கள். வயதை மட்டும் பார்த்து "மூத்தவர்களுக்குப் பயிற்சி" என்று முடிவெடுத்தால், குறை இருக்கிற உற்பத்திக் கூடத்தை விட்டுவிட்டு, குறை இல்லாத மனிதர்களை அவமானப்படுத்துகிறோம்.

படி 3: கேள்விகளை எழுதுங்கள்

ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய, "முற்றிலும் உடன்படவில்லை" முதல் "முற்றிலும் உடன்படுகிறேன்" வரையிலான ஐந்து புள்ளி அளவு இன்றும் போதுமானது. கூறு ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு வாக்கியம், மொத்தம் இருபதைத் தாண்ட வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் நின்றுகொண்டு வேலை செய்கிறவர்களிடம் பதில் வாங்க முடியாது.

வாக்கியங்களில் கருத்தைவிட நடந்ததைக் கேளுங்கள். "எங்கள் பிரிவு டிஜிட்டல் மாற்றத்தை வரவேற்கிறது" என்ற வாக்கியத்துக்கு எல்லோரும் 4 போடுவார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"கடந்த நான்கு வாரங்களில், எனக்குத் தேவையான தகவலை யாரிடமும் கேட்காமல் நானே கணினியிலோ போனிலோ எடுத்துக்கொள்ள முடிந்தது."

"கணினியில் நான் தவறு செய்தால், அதை என் மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லிவிடுவேன்."

"ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் பதிய வேண்டியிருக்கிறது."

மூன்றாவது வாக்கியம் எதிர்மறையானது; உடன்பட்டால் நிலைமை மோசம் என்று பொருள். அப்படிச் சிலவற்றைக் கலந்து வைத்தால், படிக்காமலே எல்லாவற்றுக்கும் 5 போட்டுக்கொண்டு போகிறவர்களைக் கண்டுகொள்ளலாம். கணக்குப் போடும்போது அந்த எண்களைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்: 5 என்பது 1, 4 என்பது 2. "எனக்குப் பொருந்தாது" என்ற பெட்டியும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், கணினியே தொடாதவர் நடுவிலுள்ள 3-ஐத் தேர்ந்தெடுப்பார், அது "பரவாயில்லை" என்று பதிவாகிவிடும்.

ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். "செயலி வேகமாகவும் நம்பகமாகவும் இருக்கிறது" என்றால், வேகமாக இருந்தும் அடிக்கடி நின்றுபோகிற செயலியைப் பயன்படுத்துகிறவர் என்ன பதில் சொல்வார்?

படி 4: எல்லாக் குழுவுக்கும் அதே அர்த்தம் போய்ச் சேருகிறதா?

குழுக்களை ஒப்பிடும் வேலையில் மிகவும் நுட்பமான இடம் இதுதான். "நான் தகவலைச் சக ஊழியர்களோடு பகிர்கிறேன்" என்பது அலுவலக ஊழியருக்குப் பகிர்வுக் கோப்புறை. லாரி ஓட்டுநருக்கு அது வாட்ஸ்அப் குழுவில் போடும் குரல் செய்தி. செவிலியருக்கு ஷிப்ட் மாறும்போது நின்று பேசும் ஐந்து நிமிடம். மூவரும் 4 போட்டால், அந்த மூன்று 4-ம் ஒரே எண் ஆகுமா? ஆகாது. வெவ்வேறு அளவுகோலால் அளந்த நீளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போலத்தான்.

இதற்கான வழி எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஐந்தாறு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துக் காட்டி, "இதைக் கேட்டதும் உங்கள் மனதில் என்ன காட்சி வந்தது?" என்று கேளுங்கள். "சரியா தவறா" என்று கேட்கக் கூடாது. காட்சி வேறுபட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள். எனக்கு நேரம் மிகக் குறைவாக இருக்கும்போதும் இந்தப் படியை மட்டும் நான் விடுவதில்லை.

கேள்வித்தாள் இரண்டு மூன்று மொழிகளில் போகிறது என்றால், ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுவரட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்று தெரிந்துவிடும்.

பதில்கள் வந்த பிறகு புள்ளியியல் சோதனை ஒன்றும் உண்டு. ஒரே கூறுக்கான வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்று பார்க்கும் குரோன்பாக் ஆல்ஃபா, 1951-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பொதுவாக 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். மொத்தத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், குழுவாரியாகவும் பாருங்கள். அலுவலகத்தில் 0.85, களத்தில் 0.5 என்று வந்தால், அந்தக் கேள்விகள் களப்பணியாளருக்குப் பொருந்தவில்லை. அங்கே ஒப்பீட்டை நிறுத்திவிட்டு நேர்காணலை நம்புங்கள்.

படி 5: கேள்வித்தாளை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்

டிஜிட்டல் பண்பாட்டை அளக்கும் சர்வேயை டிஜிட்டலாக மட்டுமே அனுப்பினால், ஏற்கெனவே அதில் பழகியவர்கள்தான் பதில் சொல்வார்கள். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குப் போனில் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடு, உணவு அறையில் ஒரு டேப்லெட், அதுவும் முடியாவிட்டால் அச்சிட்ட தாள். தாளைப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், மேற்பார்வையாளர் கையில் கொடுக்கும்படி வைக்காதீர்கள். இதற்கான பத்து நிமிடம் வேலை நேரத்துக்குள்ளேயே வர வேண்டும். இடைவேளையில் எழுதச் சொல்வது நியாயம் இல்லை.

படி 6: பெயர் வெளியே வராமல் பாருங்கள்

"பெயர் கேட்க மாட்டோம்" என்று சொன்னால் மட்டும் போதாது. பிரிவு, பாலினம், வயது, சேர்ந்த ஆண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டால், சிறிய பிரிவில் இருக்கும் ஒரே பெண் பொறியாளர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒப்பீட்டுக்கு உண்மையிலேயே வேண்டிய விவரங்களை மட்டும் கேளுங்கள். குறைந்தது ஐந்து பேராவது இல்லாத குழுவின் முடிவைத் தனியாகக் காட்டுவதில்லை என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். நான் பத்து வைப்பேன். கழித்தல் கணக்கையும் கவனியுங்கள்: 12 பேர் உள்ள பிரிவின் மொத்தமும் அதில் 8 ஆண்களின் முடிவும் வெளியே வந்தால், மீதி 4 பெண்களின் முடிவை யாரும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

மென்பொருள் தானாகச் சேர்க்கும் பயன்பாட்டுத் தரவில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் உற்பத்தித்திறன் மதிப்பெண் வசதியில் தனிநபர் பெயர் வாரியாகப் பயன்பாட்டைக் காட்டியது. 2020 நவம்பரில் அது ஊழியர்களைக் கண்காணிக்கும் கருவி என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் தொடக்கத்தில், தனிநபர் பெயர்களை எடுத்துவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. இந்த வகைத் தரவைக் குழு அளவில் மட்டும் எடுங்கள். எடுக்கிறோம் என்பதை முன்னாலேயே ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். எண்ணின் பொருளையும் யோசியுங்கள்: ஒரு பிரிவில் அரட்டைச் செய்திகள் குவிவது நல்ல ஒத்துழைப்பாகவும் இருக்கலாம், யாருக்கும் எதுவும் தெளிவாகச் சொல்லப்படாததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

படி 7: கணக்குப் போடுங்கள், சராசரியில் நிற்காதீர்கள்

1000 பேர் உள்ள நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அலுவலகம் 300, உற்பத்தி 500, களம் 200. பதில் வந்தது 400 பேரிடமிருந்து: அலுவலகம் 240, உற்பத்தி 100, களம் 60. சராசரி முறையே 4.2, 2.6, 3.0. வந்ததை அப்படியே கூட்டி வகுத்தால் 3.62. ஒவ்வொரு குழுவுக்கும் நிறுவனத்தில் அதற்குரிய பங்கைக் கொடுத்தால், அதாவது 0.3, 0.5, 0.2 என்ற எடையால் பெருக்கிக் கூட்டினால், 3.16. கிட்டத்தட்ட அரைப் புள்ளி காணாமல் போகிறது! பதில் சொல்லாதவர்களின் மனது எப்படி என்பதை இந்த எடையும் சொல்லாது. உற்பத்தியில் 100-க்கு 20 பேர்தான் பதில் தந்தார்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

சராசரி 3 என்று வந்தால் எல்லோரும் 3 போட்டிருக்கலாம், பாதிப் பேர் 1-ம் பாதிப் பேர் 5-ம் போட்டிருக்கலாம். இரண்டும் முற்றிலும் வேறு இடங்கள். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் 4, 5 போட்டவர்கள் எத்தனை சதவீதம், 1, 2 போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று காட்டுங்கள். படிப்பவர்களுக்கும் அது சட்டென்று புரியும்.

சிறிய குழுவின் சதவீதத்தை அதிகம் நம்பிவிட வேண்டாம். கைக்கணக்கு ஒன்று: 1-ஐப் பதில் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், தோராயமான பிழை எல்லை வரும், அதாவது உண்மையான சதவீதம் நமக்குக் கிடைத்ததைவிட எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது. 400 பதிலுக்கு 5 சதவீதப் புள்ளி, 100-க்கு 10, 25-க்கு 20. குழுவில் கிட்டத்தட்ட எல்லோருமே பதில் சொல்லியிருந்தால் பிழை இதைவிடக் குறையும். 25 பேர் பதில் தந்த இரண்டு பிரிவுகளுக்கு இடையே 8 புள்ளி வித்தியாசம் என்று யாராவது பரபரத்தால், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும்.

படி 8: போய்ப் பாருங்கள், பேசுங்கள்

எண்ணில் பெரிய இடைவெளி தெரிந்த இரண்டு மூன்று குழுக்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களோடு அரை நாள் இருங்கள். திரைக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? கடவுச்சொல் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறதா? அதிகாரபூர்வ மென்பொருளுக்கு வெளியே யாரோ தனியாக ஓர் எக்செல் கோப்பை வைத்து வேலையை ஓட்டுகிறார்களா? இவற்றைச் சோம்பல் என்றோ எதிர்ப்பு என்றோ எழுதிவிடாதீர்கள். மென்பொருளில் எந்த இடத்தில் ஓட்டை என்பதை அந்த எக்செல் கோப்பு காட்டிக்கொடுக்கிறது.

பேசும்போது "பொதுவாக எப்படி?" என்று ஆரம்பித்தால் பொதுவான பதில்தான் வரும். "கடைசியாகக் கணினி மாட்டிக்கொண்டபோது என்ன செய்தீர்கள், முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். திறனைப் பற்றி ஒருவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணையும் அப்படியே எடுக்காமல், விரும்பி வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று சிறு வேலைகள் கொடுத்துப் பாருங்கள்: பகிர்ந்த கோப்பின் நேற்றைய வடிவத்தை மீட்பது, சந்தேகமான மின்னஞ்சலை அடையாளம் காண்பது. பெயர் குறிக்காமல் குழுவுக்கு எத்தனை பேர் முடித்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

படி 9: முடிவைச் சொன்னவர்களிடமே திருப்பிக் கொண்டுபோங்கள்

சர்வே முடிந்து ஒரு மாதத்துக்குள், ஒவ்வொரு குழுவுக்கும் அதன் முடிவை, மேலிடத்தில் காட்டுவதற்கு முன்போ அதே நாளிலோ, அவர்கள் மொழியில் ஒரே பக்கத்தில் காட்டுங்கள். "இந்த எண் ஏன் இப்படி வந்திருக்கும்?" என்று அவர்களிடமே கேளுங்கள். அறிக்கையில் நீங்கள் எழுதவிருந்த காரணம் தவறு என்று அங்கே தெரியவரும், பலமுறை எனக்குத் தெரியவந்திருக்கிறது. குழுவுக்கு ஒன்று அல்லது இரண்டு மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து, யார் எப்போது செய்வார் என்று எழுதிவையுங்கள். உற்பத்திக் கூடத்தில் இன்னொரு கணினி வைப்பது போன்ற சின்ன வேலையாக இருந்தால் உடனே செய்துவிடுவது நல்லது.

மறுபடி அளக்கும்போது

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மீண்டும் அளப்பீர்கள். வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள்; மாற்றியே ஆக வேண்டும் என்றால் அந்தக் கேள்விக்குப் பழைய எண்ணோடு ஒப்பீடு கிடையாது. சென்ற முறை தாளில் எழுதியவர்களுக்கு இந்த முறையும் தாள்தான். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் ஒரு முறை, நிதானமான மாதத்தில் ஒரு முறை என்று அளந்தால், நீங்கள் பார்ப்பது அந்த மாதத்தின் அலுப்பைத்தான்.

பயிற்சி கொடுத்த குழுவில் "எனக்கு இந்தக் கருவி நன்றாகத் தெரியும்" என்ற கேள்வியின் எண் இறங்கியிருப்பதைப் பார்த்து மேலிடம் கலங்கலாம். பயிற்சி வீண் என்று அதற்கு உடனே அர்த்தம் இல்லை. முன்பு நான்கு பொத்தானை மட்டும் அறிந்து 4 போட்டவர், இப்போது அந்தக் கருவி எவ்வளவு பெரியது என்று தெரிந்து 3 போடுகிறார். படி 8-இல் கொடுத்த சிறு வேலைகளை அதே குழுவுக்கு மீண்டும் கொடுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணையும், அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.